அனுமதியின்றி மக்கிய வைக்கோல்

கண்டக்டர் என்பது அவருடைய தொழில் இல்லை. தொழில் போன பிறகும் போகாமல் ஒட்டிக்கொண்ட பெயர். அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த பஸ் தடத்தை நஷ்டம் என்று நிறுத்திவிட்டார்கள். மாமனார் விட்டுப்போன வயல் ஒன்று சும்மா கிடந்தது. மனைவியோடு அங்கே வந்து சேர்ந்தார். விதைத்தால் முளைக்கும், அறுத்தால் வைக்கோல் மிஞ்சும் என்ற அளவுக்குத்தான் அவருக்கு விவசாயம் தெரியும். மிஞ்சிய வைக்கோலைக் கொளுத்தக் கூடாது என்று சட்டம் வந்த வருஷத்தில்தான் அவர் முதல் அறுவடை செய்தார். சிலருடைய ராசி அப்படி.

அதுவரை எல்லோரும் ஒரு தீக்குச்சியில் காரியத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வானத்திலிருந்து செயற்கைக்கோள் பார்க்கிறது, புகை தெரிந்தால் அபராதம் என்றார்கள். அண்ணாந்து பார்த்துவிட்டு, பீடி பற்றவைக்கக்கூட வீட்டுக்குள் போனார் கண்டக்டர். அறுவடை இயந்திரம் கடித்துத் துப்பிய வைக்கோலோ வயல் முழுக்கக் கிடந்தது. மாடு வைத்திருப்பவர்கள்கூட அதைச் சீந்தவில்லை. மழைக்கு முன்னால் நிலத்தைத் துப்புரவாக்கி விதைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வருஷம் முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

"பெரிய ரோட்டுல உசரமா கேட் போட்டு ஒரு ஆபீஸ் இருக்கே," என்றாள் மனைவி. "வைக்கோல மக்க வைக்கிறதுதான் அவங்களுக்கு வேலையாம். அதுக்குன்னு ஏதோ பூசணம் வளக்கிறாங்களாம். போய்க் கேட்டுப் பாருங்க. கேட்டா என்ன, வாயிலருந்து முத்தா உதிர்ந்திடும்?"

கண்டக்டர் போனார்.

உயர் சிதைவு ஆராய்ச்சி நிலையம் பளிங்குத் தரையோடு இருந்தது. உள்ளே எதுவும் சிதைவதற்கான அறிகுறி இல்லை. முன்புறத் தோட்டத்தில் ஒரு சருகு விழுந்தாலும் தோட்டக்காரர் ஓடிவந்து பொறுக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் கொளுத்தினார். இது தப்பில்லையா என்று கண்டக்டர் வாசல் காவலாளியிடம் மெதுவாகக் கேட்டார். "சருகு வேற துறைங்க. நாங்க வைக்கோல் மட்டும்தான்," என்று பதில் வந்தது.

வருகையாளர்களுக்கு அங்கே மூன்று நிற அட்டைகள் இருந்தன. பிரமுகர்களுக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று, சாமான் சப்ளை செய்பவர்களுக்கு ஒன்று. விவசாயிக்கு அட்டை இல்லை. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒருவர் வரவில்லை என்றும், வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்றும் வரவேற்பு மேஜையில் இருந்தவர் வருத்தத்தோடு சொன்னார். கடைசியில் சாமான்காரர் அட்டையை மாட்டிவிட்டு, இயக்குநரின் அறைக்கு அனுப்பினார்கள்.

இயக்குநர் மெலிந்த, சுத்தமான மனிதர். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும், அதை யாராவது குறித்துக்கொண்டார்களா என்று சுற்றிப் பார்ப்பார். குறித்துக்கொள்வதற்கென்றே பக்கத்தில் துணை இயக்குநர் நின்றார்.

"எங்க பூஞ்சையை எதுல வளர்க்கிறோம் தெரியுமா?" என்றார் இயக்குநர். "தவிட்டுல. கரும்புச் சக்கையில. எல்லாம் பண்ணைக் கழிவு. தூக்கிப் போடுற பொருள். இதைவிட மலிவான முறை எங்கேயும் கிடையாது."

"அப்போ ரெண்டு பை குடுத்தீங்கன்னா..."

"அவசரப்படக் கூடாது. மலிவுன்னு நிரூபிக்கிறதுக்கே எவ்வளவு செலவு பண்ணியிருக்கோம் தெரியுமா?"

துணை இயக்குநர் அதைக் குறித்துக்கொண்டார்.

அலமாரியில் பளபளக்கும் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. அவற்றில் இருப்பது தவிடு என்றார் இயக்குநர். கடல் தாண்டிக் கப்பலில் வருகிறதாம். பக்கத்து மில்லிலும் தவிடு உண்டு. ஆனால் அது கழிவுதான் என்று சான்றிதழ் தர மில்லுக்குத் தெரியவில்லை. சான்றிதழ் இல்லாத கழிவை எப்படி நம்புவது? கண்ணாடிக் கூண்டுக்குள் வெல்வெட் துணிமேல் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. அதுதான் பூஞ்சை. அதற்குப் பக்கத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

கண்டக்டர் கும்பிடு போட்டுவிட்டு எழுந்தார். அதற்குள் இயக்குநருக்கு ஓர் எண்ணம் தோன்றிவிட்டது. நிலையத்துக்கு ஒரு விவசாயி தேவைப்பட்டார். தலைமையகத்திலிருந்து வருஷா வருஷம் "பயனாளி யார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதோ, சட்டையில் புழுதியோடு ஒருவர் தானாக நடந்து வந்திருக்கிறார்.

"உங்களை முன்மாதிரிப் பயனாளியா தேர்ந்தெடுத்திருக்கோம்," என்றார் இயக்குநர். கண்டக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, கைக்குட்டையால் தன் கையைத் துடைத்துக்கொண்டார்.

சனியன் சைக்கிளில் வருமோ காரில் வருமோ, கண்டக்டரின் வயலுக்கு அது ஜீப்பில் வந்தது. வந்தவர்கள் வைக்கோலை வயலின் நடுவில் குவித்தார்கள். வயல் முழுவதையும் சுற்றி முள்கம்பி கட்டினார்கள். பலகை நட்டார்கள். ஒரு காவலாளியையும் அவருக்கு ஒரு குடிசையையும் வரப்பில் இறக்கினார்கள்.

"இனிமே இது உங்க வைக்கோல் இல்ல, ஆய்வுப் பொருள்," என்றார் துணை இயக்குநர். "தலைமையகத்துத் தலைவர் வந்து ரிப்பன் வெட்டி, பூஞ்சையைத் தூவி, திட்டத்தைத் தொடங்கி வைப்பார். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"அவர் எப்போ வருவாருங்க?"

"தேதி கேட்டிருக்கோம்."

பிறகு குழுக்கள் வரத் தொடங்கின. முதல் குழு, வைக்கோல் வைக்கோல்தானா என்று பார்க்க வந்தது. ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய், 'வைக்கோல் எனக் கருதத் தடையில்லை' என்று சொல்லி அனுப்பியது. அடுத்த குழு குவியலின் உயரத்தை அளந்தது. அதற்கடுத்த குழு, முதலில் அளந்தவர்கள் சரியான இடத்தில் நின்று அளந்தார்களா என்று அளந்தது. தலைவர் எந்தப் பக்கம் நின்றால் முகத்தில் வெயில் படாது என்று பார்க்க வந்த குழுதான் அதிக நேரம் இருந்தது. அவர்கள்தான் மிகுந்த கவனத்தோடு வேலை செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கண்டக்டருக்குப் பயிற்சியும் வைத்தார்கள். பயனாளியின் மனநிலை என்பது பாடத்தின் பெயர். குளிரூட்டிய அறையில் அவரை உட்கார வைத்து, தலைவர் பேசும்போது எப்படிப் பார்க்க வேண்டும் என்று துணை இயக்குநர் சொல்லிக்கொடுத்தார்.

"கண்ணு கலங்கணும். ஆனா அழக் கூடாது. அழுதா ஏதோ குறை இருக்குன்னு நினைப்பாங்க."

"கலக்கம் வரலைன்னா?"

"உங்க கஷ்டத்தை நினைச்சுக்கோங்க."

"இப்போதைக்குக் கஷ்டமே இந்த வேலிதாங்க."

துணை இயக்குநர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது பயிற்சியின் இடைவேளையில் கண்டக்டர் கழிவறை தேடிப் போய், வழி தவறிப் பின்பக்கக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார். உள்ளே வெக்கை. புளித்த வாடை. மரச் சட்டங்களில் பைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு பையிலும் ஈரத் தவிடும் சக்கையும். அவற்றின்மேல் பஞ்சு பூத்ததுபோல் வெள்ளை. நடுவில் ஒரு பெண் முழங்கை வரை தவிடாக நின்றுகொண்டிருந்தாள். அந்த நிலையத்தில் உண்மையாகவே பூஞ்சை வளர்த்த ஆய்வாளர் அவள். அதனால்தான் அவளைக் கொட்டகையில் வைத்திருந்தார்கள்.

"டப்பா தவிடாம்மா இது?" என்று கேட்டார் கண்டக்டர்.

"அதுல பூசணம் பிடிக்காம இருக்க மருந்து கலந்து அனுப்புறாங்க. பூஞ்சை மூச்சே விடாது. இது மில்லுல கூட்டித் தள்ளினது. நானே சாக்குல அள்ளிட்டு வருவேன்." அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "வேலி போட்டிருக்கிறது உங்க வயல்லதானே? மழை வர்றதுக்குள்ள நீங்க விதைக்க வேண்டாமா?"

அந்தக் கட்டடத்தில் விதைப்பு என்ற சொல் கண்டக்டர் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை. பயிற்சியில் கேட்ட கண் கலக்கம் இங்கே கேட்காமலே வந்தது.

அவள் இரண்டு பைகளைக் கழற்றி ஒரு சாக்கில் போட்டு அவரிடம் நீட்டினாள். "உதிர்த்து அடுக்கடுக்கா தூவுங்க. ஈரம் காய விடாதீங்க. வாரம் ஒரு தடவை புரட்டிப் போடுங்க. நான் குடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு இந்தக் கொட்டகையாவது மிஞ்சணும்."

சாக்கைக் கண்டதும் மனைவி காவலாளியைக் கூப்பிட்டு டீ கொடுத்தாள். அந்த மனிதர் வைக்கோலைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கும் நிலையில் இருந்தார். "தொடக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. கவட்டுக் கம்பியால புரட்டினா அது தொடுறதாகாது," என்று சட்ட நுணுக்கம் பேசிவிட்டு, கம்பியை வாங்கி முதல் புரட்டைத் தானே புரட்டினார். அதன் பிறகு அதை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து அவர் செய்த முதல் வேலை அது.

குவியல் சூடேறி ஆவி விட்டது. மஞ்சள் பழுப்பானது, பழுப்பு கறுத்தது. ஆள் உயரம் இருந்தது இடுப்பளவாகி, முழங்காலளவாகி அமுங்கியது. காலையில் கையை விட்டால் புட்டுப்புட்டென்று உதிர்ந்தது. மழை பெய்த மண்போல மணத்தது. தலைவரின் தேதி மட்டும் வரவில்லை. மழை வந்தது. மனைவி ஒரு முடிவோடு வேலிக் கம்பியை அவிழ்த்தாள். மக்கியதை வயல் முழுக்க இறைத்து, உழுது, விதைத்தார்கள். காவலாளி பலகையைப் பிடுங்கிப் பத்திரமாகக் குடிசையில் வைத்துக்கொண்டார். பச்சை பிடித்து, பயிர் விரல் உயரத்துக்கு வந்தபோது, தலைவரின் தேதியும் வந்தது.

முன்னேற்பாடு பார்க்க வந்த துணை இயக்குநர் வரப்பில் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"வைக்கோல் எங்கே?"

"மக்கிடுச்சுங்க."

"யார் அனுமதிச்சா?"

மறுநாள் விசாரணை. நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், இயக்குநர் நடுவில். கண்டக்டரைச் சுவரோரமாக நிற்க வைத்தார்கள். ஆய்வாளரையும் கூப்பிட்டிருந்தார்கள், அவள் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் அவள் பக்கமே திரும்பவில்லை.

"எப்படி மக்கிச்சு?" என்றார் இயக்குநர்.

"தானா மக்கிடுச்சுங்க."

"தானா மக்கினா, நாங்க எதுக்கு?"

கண்டக்டருக்கு இதற்கு நேர்மையான பதில் தெரியும். ஆனால் பஸ்ஸில் பல வருஷம் இருந்தவர். எந்த ஸ்டாப்பில் வாயைத் திறக்கக் கூடாது என்றும் தெரியும். "நான் படிக்காதவனுங்க, எனக்கென்ன தெரியும்," என்று நின்றார். அப்படியானால் ஆய்வுப் பொருளை அழித்த குற்றத்துக்கு அவரைப் போலீசில் ஒப்படைப்பதைத் தவிர வழியில்லை என்றார் துணை இயக்குநர்.

அப்போது கடைசி நாற்காலி நகர்ந்தது.

"நான்தான் குடுத்தேன்," என்றாள் ஆய்வாளர். "நம்ம பூஞ்சைதான் சார். வேலை செஞ்சிருக்கு. எந்தச் சந்தேகமும் இல்ல."

சாவுச் செய்தி கேட்டதுபோல் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் இயக்குநர் எழுந்தார். உண்மையாகவே நொந்துபோன மனிதனின் குரலில் பேசினார்.

"நம்ம பேரு என்ன? சிதைவு ஆராய்ச்சி நிலையம். சிதைவு நிலையம் இல்ல. ஆராய்ச்சிங்கிறது நடந்துக்கிட்டே இருக்கணும். இந்த அம்மா ஒரு மாசத்துல முடிச்சிட்டாங்க. நாளைக்கு ஊர்ல இருக்கிற எல்லா வைக்கோலும் மக்கிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. இந்த மேஜைக்கு என்ன ஆகும்? இந்தக் கட்டடத்துல எத்தனை பேர் பிள்ளைகுட்டியோட இருக்கோம். விவசாயியைப் பத்தி யோசிச்சவங்க, நம்மளைப் பத்தி யோசிச்சாங்களா?"

இரண்டு பேர் கண் கலங்கினார்கள். அவர்களுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

தீர்ப்பு அன்றைக்கே ஆனது. ஆய்வாளரைக் கொட்டகையிலிருந்து விழா அலங்காரப் பிரிவுக்கு மாற்றினார்கள். பூஞ்சை போய்ப் பூ ஆயிற்று. முதல் எழுத்தாவது மிஞ்சியதே என்று அவளே சொல்லிக்கொண்டாள். கொட்டகைப் பைகளை மருந்தடித்து அழித்தார்கள். போலீஸ் வேண்டாம், விழாவுக்கு ஒரு பயனாளி வேண்டுமே என்று கண்டக்டரை மன்னித்தார்கள். வைக்கோலுக்கும் ஏற்பாடு ஆனது. பக்கத்து மாவட்டத்திலிருந்து லாரியில் வரவழைத்தார்கள்.

விழா நாள் காலையில் லாரி வரப்பேறி வந்தபோது மனைவி குறுக்கே நின்றாள்.

"இது பயிரு. கண்ணு தெரியலையா?"

"நிகழ்ச்சி நிரல்ல பயிர் இல்லம்மா," என்றார் துணை இயக்குநர், மரியாதையாகவே.

"நிரலைத்தான் நீங்க சோறுன்னு போட்டுத் திங்கிறீங்களா? நாங்க இதைத்தான் திங்கணும்."

அவள் நகரவில்லை. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு, எனக்கென்ன வந்தது என்று இறங்கிப் போய் நிழலில் நின்றார். ஆனால் லாரிக்குப் பின்னால் டிராக்டர் டிரெய்லர் ஒன்று இருந்தது. அது மறுபக்கமாகச் சுற்றி வந்தது. அவள் ஒருத்தி, ஒரு வரப்பில்தான் நிற்க முடியும். பாதி வயல் வைக்கோலுக்குள் போயிற்று. கண்டக்டர் டிரெய்லரின் பின்னால் ஓடினார், தட்டினார், கைப்பழக்கத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து விசில்கூட அடித்தார். எந்த வண்டியும் நிற்கவில்லை.

வெயில் முகத்தில் படாத பக்கத்தில் தலைவர் நின்றார். ரிப்பன் வெட்டினார். வெல்வெட் துணியிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்கள், பிரித்துத் தூவினார். கண்ணாடிக் கூண்டில் எத்தனையோ காலம் கிடந்த அதில் உயிர் என்று எதுவும் இருந்திருக்காது. சாம்பல் நிறத்தில் கொஞ்சம் பறந்து தலைவரின் காலணியில் விழுந்தது. கைதட்டினார்கள்.

"கழிவிலிருந்து செல்வம்," என்று தலைவர் பேசினார். "இதை நான் எங்கே போனாலும் சொல்றேன். கேட்கிறவங்க எல்லாரும் ஒத்துக்கிறாங்க. ஒத்துக்காதவங்க யாரையும் நான் இதுவரைக்கும் சந்திச்சதில்ல. ஏன்னா, சந்திக்க முன்கூட்டியே அனுமதி வாங்கணும்." பிறகு கண்டக்டரின் தோளில் கை வைத்தார். "சொல்லுங்க. சந்தோஷமா இருக்கீங்களா?"

ஒலிபெருக்கி முன்னால் கண்டக்டர் நின்றார். பயிற்சியில் சொல்லித்தந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது அவர் நாக்கில் வரவில்லை.

"இந்த வைக்கோல் என்னுது இல்லைங்க," என்றார். "என்னுது அப்பவே மக்கிடுச்சு. அந்த அம்மா குடுத்த பூஞ்சையில மக்கிச்சு. பூந்தொட்டி பக்கத்துல நிக்கிறாங்களே, அவங்கதான். அந்த எருவுல முளைச்ச பயிருங்க இது. அது மேலதான் நீங்க நிக்கிறீங்க. கொஞ்சம் இறங்கினீங்கன்னா நல்லது."

அவர் குரல் உடைந்துவிட்டது. தலைவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"பாருங்க, எப்படி உணர்ச்சிவசப்படுறாரு," என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு, வைக்கோலை எப்போது அள்ளுவீர்கள் என்று மனைவி துணை இயக்குநரிடம் கேட்டாள். கொட்டுவதற்குத்தான் ஒப்பந்தம், அள்ளுவதற்கு வேறு ஒப்பந்தம் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் கிளம்பினார். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். கண்டக்டரும் குனிந்தார். காவலாளி கம்பியோடு வந்தார். கம்பி பயிரைக் குத்தும் என்று அதை வீசிவிட்டுக் கையாலேயே அள்ளினார். பூந்தொட்டியைத் திருப்பி ஒப்படைக்க வேண்டிய ஆய்வாளர், அதை ரோட்டோரம் வைத்துவிட்டு வயலில் இறங்கினாள். அக்கம்பக்கத்து வயல்காரர்களும் வந்தார்கள். நசுங்கிய பயிரை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, வேரில் மண்ணை அழுத்தினாள் மனைவி. பொழுது சாய்வதற்குள் அள்ளி முடித்தார்கள். மூடிய பாதியில் பாதி பிழைத்தது.

மறுநாள் ஆய்வாளர் நிலையத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கண்டக்டர் வீட்டுப் பின்பக்கம் கூரை வேய்ந்த கொட்டில் ஒன்று காலியாக இருந்தது. வயல் ஓரத்தில் மிஞ்சியிருந்த கறுத்த எருவில் ஒரு பிடி எடுத்து, அதிலிருந்து பூஞ்சையைப் பிரித்து, மில் தவிட்டில் மறுபடியும் வளர்க்கத் தொடங்கினாள். விழாவுக்குக் கொட்டிய வைக்கோலே முதல் வேலைக்கு ஆயிற்று. பக்கத்து வயல்காரர்கள் ஒவ்வொருவராகப் பை கேட்டு வந்தார்கள். யாருக்கும் அட்டை மாட்டவில்லை.

நிலையத்துக்கும் நல்ல காலம்தான். விழா மலரில் இரண்டு படங்கள் போட்டார்கள். துணை இயக்குநர் முன்னேற்பாடு பார்க்க வந்த அன்று எடுத்தது ஒன்று, விழா அன்று எடுத்தது ஒன்று. தேதி வரிசைப்படி அச்சடித்ததில், 'திட்டத்துக்கு முன்' என்பதில் பசேலென்று வயலும், 'திட்டத்துக்குப் பின்' என்பதில் குவியல் குவியலாக வைக்கோலும் வந்தன. பூஞ்சை தூவினால் வைக்கோல் பெருகுகிறது என்று தலைமையகம் புரிந்துகொண்டு மகிழ்ந்தது. இயக்குநருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அவர் மறுக்கவில்லை, மறுப்பது ஆராய்ச்சி மனப்பான்மைக்கு விரோதம் என்று ஏற்புரையில் சொன்னார். இப்படிப் பெருகும் வைக்கோலை என்ன செய்வது என்ற கவலையில், பெரிய ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு நிலையம் திறந்தார்கள்.

அந்தப் புது நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி ஒரு நாள் கண்டக்டர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு, சட்டை மடிப்பு கலையவில்லை. கண்டக்டர் வாசலிலேயே நின்றிருந்தார், முழங்கை வரை தவிடோடு.

"முன்மாதிரிப் பயனாளி வீடு இதுதானே? அவர் இருக்காரா?"

கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி கண்டக்டரைப் பார்த்தாள்.

"அவர் இல்லைங்க," என்றார் கண்டக்டர்.

"எப்போ வருவார்?"

"அவரை உங்க ஆளுங்கதான் கூட்டிட்டுப் போனாங்க," என்றாள் மனைவி. "இன்னும் திருப்பி அனுப்பலை. ஆபீஸ்லயே கேட்டுப் பாருங்க."

அதிகாரிக்கு இது நியாயமாகப் பட்டது. நன்றி சொல்லிவிட்டு, விசாரிப்பதற்காக ஜீப்பில் ஏறினார். ஜீப் மறையும் வரை இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். பிறகு தவிடு காய்ந்துவிடும் என்று கொட்டிலிலிருந்து ஆய்வாளர் கூப்பிட, உள்ளே போனார்கள்.